ஒன்றரை அடி

அவளுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். துணி வெட்டும் வேலைக்குப் போனதால் வைத்த பெயரா, வாய்த்துடுக்கைப் பார்த்து வைத்த பெயரா என்று யாராவது கேட்டால், "ரெண்டுக்கும் சேர்த்துத்தான்" என்று சிரிப்பான். பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டிய கணவன்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிட்டான்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவள் துணி வெட்டும் பிரிவில் இருந்தாள். நீள மேசையில் எண்பது அடுக்குத் துணியை விரித்து, சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று அட்டைகளை இண்டு இடுக்கு விடாமல் அடுக்கிக் கோடு போடுவது அவள் வேலை. ஒரு விரல் அகலம் வீணானால் எண்பது விரல் வீண். அதனால் எந்தப் பரப்பைப் பார்த்தாலும் இதில் எத்தனை துண்டு விழும் என்றுதான் அவள் கண் முதலில் கணக்குப் போடும்.

அப்பா விட்டுப்போன வீடு, தெருவிலிருந்து பின்பக்கம்வரை நாற்பது அடி நீளம். நீளவாக்கில் நட்ட நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, அண்ணனும் தங்கையும் ஆளுக்குச் சரிபாதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா பத்திரத்தில் எழுதியிருந்தார். சுவரின் கனம் போக ஆளுக்குப் பதினைந்தடி அகலம்.

சுவர் எழுந்த சமயத்தில் கத்திரி வீட்டில் இல்லை. அவள் கணவனுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து, ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தாள். அண்ணன் பழங்களோடு பார்க்க வந்தான். கட்டட வேலைகளுக்கு உரிமம் பெற்ற சூப்பர்வைசர் அவன். பெரிய பெரிய அடுக்குமாடிகளை அவன் மேற்பார்வையில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"சுவரைப் பத்தி நீ கவலைப்படாதே. மாப்பிள்ளையைப் பாரு. நான் இருந்து கட்டி முடிச்சிடறேன்," என்றான்.

அன்றைக்கு அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னாளில் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வயிறு எரிந்தது அந்த அழுகையை நினைத்துத்தான்.

இரண்டு வருடம் கழித்து, கணவன் மறுபடி நடமாடத் தொடங்கிய பிறகு, தன் பாகத்துக்குத் தரையில் டைல்ஸ் போடலாம் என்று முடிவு செய்தாள். கடைக்காரர் சொன்ன எண்ணிக்கையை அவள் நம்பவில்லை. தானே காகிதம் எடுத்து உட்கார்ந்தாள். பதினைந்துக்கு நாற்பது. இரண்டடிச் சதுர டைல்ஸ். ஒரு வரிசைக்கு ஏழு முழு டைல், ஓரத்தில் ஒரு பாதி. ஒரு டைலை இரண்டாக வெட்டினால் இரண்டு வரிசையின் ஓரத்துக்கும் ஆகிவிடும். இருபது வரிசை, நூற்றைம்பது டைல். உடைசலுக்குப் பத்து. அறைத் தடுப்புகளைப் பலகையில் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

"துணிக்குப் போடற கணக்கைத் தரைக்குப் போடறியே, சரியா வருமா?" என்றான் கணவன்.

"துணியாவது இழுத்தா நீளும். தரை எங்க ஓடிடப் போகுது?" என்றாள்.

வேலை தொடங்கிய நாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் டைல்ஸ்காரர் போன் செய்தார். "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? உங்க கணக்கு இடிக்குது."

அவள் கணக்கு இடிக்கிறது என்று இருபத்திரண்டு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். டைல்ஸ்காரர் வெளிச்சுவரிலிருந்து ஆரம்பித்துத் தடுப்புச் சுவரை நோக்கிப் பதித்துக்கொண்டு வந்திருந்தார். தெருப்பக்கத்து முதல் வரிசையில் ஓரத்துண்டு கிட்டத்தட்டப் பாதி டைலாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இளைத்திருந்தது. மூன்றாவதில் இன்னும் அதே அளவு. ஐந்தாவது வரிசையில் ஏழரை அங்குலம்தான் இருந்தது.

"நான் ஒண்ணும் கோணலா போடல அக்கா. வெளிச்சுவரோட சேர்த்து நூல் பிடிச்சிருக்கேன், பாருங்க. அந்தத் தடுப்புச் சுவர்தான் உள்ள வந்துக்கிட்டே இருக்கு."

துணி கோணியிருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை மடிப்பார்கள். தரையை மடிக்க முடியாது. டேப்பின் ஒரு முனையை டைல்ஸ்காரரிடம் கொடுத்து மூலைக்கு மூலை இழுத்தாள். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு இழுத்தாள். சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். அரை அடி வித்தியாசம் வந்தது. கடைசியாகப் பின்சுவரோரமாக அகலத்தை அளந்தாள். பதின்மூன்றரை.

முன்னால் பதினைந்து, பின்னால் பதின்மூன்றரை. நாற்பதடி நீளத்துக்கு ஒரு கூர்முனை முக்கோணம். பாதி பெருக்கல் ஒன்றரை பெருக்கல் நாற்பது. முப்பது சதுர அடி. ஒரு ஆள் கட்டில் போட்டுப் படுக்கும் இடம்.

தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு வாசலும் ஒரே அகலம். பார்ப்பவர்கள் பார்க்கும் இடத்தில் நேராகவும், யாரும் அளக்காத இடத்தில் உள்ளே தள்ளியும் கட்டியிருக்கிறான். கொத்தனார் கைதவறிச் செய்தது என்று சொல்லவும் வழியில்லை. எந்தக் கொத்தனார் கட்டிய சுவரிலும் கால் அங்குலம் விலகினாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்கிறவன் அவள் அண்ணன். அதைப் பெருமையாக அவனே சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"சுவர் எப்படியோ அப்படியே வெட்டிப் போடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள் டைல்ஸ்காரரிடம்.

கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் கொதித்தான். "இப்பவே வா, மச்சான்கிட்ட நேரா கேட்டுடுவோம். பின்னாடி இப்ப வெறும் ஸ்டோர் ரூம்தான். ஒரு வாரத்துல தள்ளிக் கட்டிடலாம்."

"அதனாலதான் இப்ப வேண்டாம்."

"என்ன சொல்றே?"

"அண்ணி பின்னாடி புது சமையலறை கட்டப்போறாங்க. போன வாரம்தான் சொன்னாங்க. கட்டி முடிக்கட்டும்."

அவன் அவளையே பார்த்தான். "அந்தம்மா உனக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?"

"அவன் பண்ணதுக்கு அவன் வீட்டுலதானே இடிக்க முடியும்? எதிர்வீட்டுலயா போய் இடிக்கிறது?"

அன்றிலிருந்து கணவன் அந்தச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்காருவதை விட்டுவிட்டான்.

மாதம் பிறந்ததும் அண்ணியே வந்தாள். குள்ளமான, ஓயாமல் சுறுசுறுப்பாக இருக்கும் பெண். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஜன்னலில்லாத மூலையில் நின்று சமைத்தவள். கையில் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த நான்கைந்து படங்கள்.

"உங்க அண்ணன் குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்றாரு. நான் பார்த்து வச்சிருக்கிற டைல்ஸ் இனிமே வராதாம், கடையில இருக்கிறதுதான். குறைஞ்சா திண்டாட்டம். உன் தரையில ஒரு கைப்பிடி துண்டுகூட வீணாகலன்னு சொன்னாங்க. எனக்கும் கணக்குப் போட்டுக் கொடேன்."

கத்திரி டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். ஸ்டோர் ரூம் சாமான்களை ஒதுக்கிவிட்டு அண்ணி டேப்பை வாங்கி எதிர்ச்சுவர்வரை இழுத்தாள். கத்திரி நுனியைத் தடுப்புச் சுவரில் பிடித்துக்கொண்டு, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க அண்ணி," என்றாள்.

அண்ணி குனிந்து பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்கச் சொன்னாள்: "பதினாறரை!"

"சரியா பாருங்க."

"பதினாறரையேதான். ஏன், கம்மியா?"

"இல்ல. நிறையவே இருக்கு."

இங்கே ஒன்றரை கூடுதல், அங்கே ஒன்றரை குறைவு. கணக்கு கையோடு கை சேர்ந்துகொண்டது. இதை அண்ணி வாயாலேயே சொல்லிக் கேட்டதில் கத்திரிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

பின்சுவர் பதினாறரைக்குப் பத்தடி உயரம், நூற்று அறுபத்தைந்து. அதில் ஜன்னல் நாலுக்கு ஐந்து, இருபது போக நூற்று நாற்பத்தைந்து. அடுப்புக்கு மேலே நாலடி அகலத்துக்கு அரைவட்டமாக நீல டைல்ஸ் வேண்டும் என்று அண்ணி படத்தைக் காட்டினாள். "அரைவட்டம்னா ஆறேகால் சதுர அடிதான் வரும். ஆனா எட்டுக்கு வாங்குங்க. வளைவை வெட்டும்போது மூலையெல்லாம் குப்பைக்குத்தான் போகும்," என்று கத்திரி விளக்கினாள். அண்ணி அதையும் குறித்துக்கொண்டாள்.

"மேடையை எந்தப் பக்கம் போடலாம்? இந்தத் தடுப்புச் சுவரோரமா, இல்ல அந்த வெளிச்சுவரோரமா? எனக்கு ரெண்டு மனசா இருக்கு. நீ சொல்லு."

கத்திரி டேப்பைச் சுருட்டினாள். வெளிச்சுவர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேடையும் அலமாரியும் குழாயும் தப்பித்திருக்கும். இடிக்க வேண்டியிருந்தது தடுப்புச் சுவர் ஒன்றைத்தான்.

"வெளிச்சுவர்ல சாயங்கால வெயில் நேரா அடிக்கும் அண்ணி. அடுப்பு முன்னாடி நிக்க முடியாது. எல்லாத்தையும் இந்தச் சுவரோரமாவே போடுங்க. டைல்ஸையும் கூரைவரைக்கும் ஏத்திடுங்க, துடைக்கச் சுலபம்."

"அதுதான் சரி," என்று அண்ணி தலையாட்டினாள்.

தடுப்புச் சுவர் பன்னிரண்டுக்குப் பத்து, நூற்றிருபது. ஒரு டைல் ஒன்றரை சதுர அடி. எண்பது டைல். உடைசலுக்கு எட்டு. கத்திரி அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். ஒரு எண்கூடத் தப்பில்லை. வேண்டுமென்றே குறைத்தோ கூட்டியோ எழுத அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு குறையும் இல்லாமல் கட்டி முடிக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

மூன்று மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை நடந்தது. கல் அறுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் காது கொடுத்துக் கேட்டாள். இடையில் ஒருநாள் நில அளவை அலுவலகத்துக்குப் போனாள். மனு கொடுத்தால் எத்தனை நாளில் வந்து அளப்பார்கள் என்று விசாரித்தாள். மூன்று வாரம் என்றார் எழுத்தர். அண்ணியிடம் பேச்சுவாக்கில் வேலை என்றைக்கு முடியும் என்று கேட்டுக்கொண்டாள். அதிலிருந்து மூன்று வாரம் பின்னால் எண்ணி, அந்தத் தேதியில் பத்திரத்தின் நகலோடு மனுவைக் கொடுத்தாள்.

சமையலறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி உறவுக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கத்திரியும் கணவனும் போனார்கள். கருங்கல் மேடை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. நீல அரைவட்டம் அடுப்புக்கு மேலே அச்சாக நின்றது. அண்ணி ஒவ்வொரு இழுப்பறையையும் இழுத்துக் காட்டினாள். "எல்லாம் இவ கணக்கு. இந்தச் சுவருக்கு எண்பத்தெட்டு வாங்கினோம், அஞ்சுதான் மிச்சம்," என்று வந்தவர்களிடமெல்லாம் கத்திரியைக் காட்டிச் சொன்னாள்.

"கத்திரி வெட்டினா சும்மாவா?" என்று அண்ணன் அவள் தோளில் தட்டினான்.

அவள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கணவன் பாதிச் சோற்றில் கை கழுவினான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சர்வேயர் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். அண்ணன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பத்திரத்தையும் மனுவையும் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. சர்வேயர் இரண்டு பக்கமும் அளந்தார், மூலைக்கு மூலை அளந்தார், தரையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு புதுச் சமையலறைக்குள் மேடைக்கு அடியில் புகுந்து, பின்சுவரில் தடுப்புச் சுவரிலிருந்து சரியாக ஒன்றரை அடி தள்ளிப் போய் நின்றது.

"பத்திரப்படி சுவர் இங்கதான் இருக்கணும்," என்றார். "அறுபது நாளுக்குள்ள நீங்களே சரி பண்ணிட்டா நல்லது. இல்லன்னா அவங்க மேலிடத்துக்குப் புகார் பண்ணுவாங்க. நீங்க உரிமம் வச்சிருக்கிற ஆள், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

உரிமம் என்ற சொல்தான் அவனை மடக்கியது. தன் சொந்தத் தங்கை சுவரையே கோணலாகக் கட்டினான் என்று புகார் ஏறினால் நாளைக்கு எவனும் அவனை நம்பி ஒரு தூணைக்கூட விடமாட்டான்.

சர்வேயர் போனதும் அவன் அவள் வாசலில் வந்து நின்றான்.

"நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே. வெறும் ஸ்டோர் ரூமா இருந்தப்பவே தள்ளியிருப்பேனே."

"நீ முன்னாடியே நேரா கட்டியிருக்கலாமே."

"நான் வேணும்னு..."

"அண்ணே, கால் அங்குலத்துக்கு அடுத்தவன் சுவரை இடிக்கச் சொல்ற ஆளு நீ. பதினெட்டு அங்குலம் உன் கண்ணுல படலன்னு என்கிட்டச் சொல்லாதே."

அவன் குரல் இறங்கியது. "முன்வாசல் பக்கம் இடம் தரேன். அதைவிடக் கூடவே தரேன். இதை விட்டுடு. உங்க அண்ணிக்காகவாவது."

"நான் ஆஸ்பத்திரியில தரையில படுத்துக் கிடந்தேன். நீ பழம் வாங்கிட்டு வந்து பார்த்துட்டு, நேரா போய் சுவரைத் தள்ளி வச்சே. அந்தப் பழத்தை நான்தான் உரிச்சு அவருக்கு ஊட்டினேன். எனக்கு முன்வாசல்ல இடம் வேண்டாம். என் இடம் வேணும்."

ஐம்பத்தைந்தாவது நாள் சுவர் உடைந்தது. கத்திரி விடுப்பு எடுத்துக்கொண்டு, நாற்காலியைப் பின்கட்டில் போட்டு உட்கார்ந்தாள். முதலில் கருங்கல் மேடையைக் கழற்றப் பார்த்தார்கள். அது நடுவில் விரிசல்விட்டு இரண்டாகப் போனது. பிறகு டைல்ஸ் சரசரவென்று விழுந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் உடம்பில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வெட்கப்படவில்லை. நன்றாக இருந்தது. சுத்தியல் நின்றபோது இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

மதியம் சுவரில் ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்தது. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாக அண்ணி இந்தப் பக்கம் வந்தாள். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ எனக்கு எண்பதுன்னு எழுதிக் கொடுத்தப்பவே உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லக் கத்திரிக்கு ஒரு நொடி இருந்தது. "தெரியும்," என்றாள்.

"மேடையை எந்தப் பக்கம் போடலாம்னு உன்னைக் கேட்டேனே."

கத்திரி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அவர் திருடினது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே அவர் சட்டையைப் பிடிச்சிருப்பேன். ஆனா அவர் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே எனக்குக் குழி தோண்டல. நீ தோண்டினே. டேப்பை என் கையிலயே கொடுத்தே."

அண்ணி அழவில்லை. வந்த வழியே குனிந்து திரும்பிப் போனாள். கத்திரி நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு விழுந்த டைல்ஸ் சத்தத்தை அவளால் முதலில் கேட்டது மாதிரி கேட்க முடியவில்லை.

புதுச் சுவரை அண்ணன் தானே பக்கத்தில் நின்று கட்டினான். வரிசைக்கு வரிசை நூல் பிடித்து, சர்வேயர் போட்ட கோட்டைவிட்டு இம்மியும் நகராமல். அது முடிந்தபோது கத்திரி பின்சுவரோரமாக அளந்து பார்த்தாள். பதினைந்து. இப்போதும் அண்ணனைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவனைப் பொறுத்தவரை அவளுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. வாசலில் எதிர்ப்பட்டால் அவன்தான் முதலில் கண்ணைத் தாழ்த்துகிறான் என்பது அவளுக்கு ஒவ்வொரு காலையும் இனித்தது.

அண்ணி விஷயம் அப்படியில்லை. முன்னறையின் ஓரத்தில் தரையில் அடுப்பை வைத்து அண்ணி சமைப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை கத்திரி டேப்பையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, சமையலறைக்கு மறுபடி கணக்கு..."

"நானே போட்டுட்டேன்," என்றாள் அண்ணி.

காகிதம் அலமாரி மேலேயே இருந்தது. அண்ணி தடுக்கவில்லை. கத்திரி எடுத்துப் பார்த்தாள். மேடை வெளிச்சுவரோரமாகப் போயிருந்தது. அரைவட்டத்துக்கு எட்டு என்று சரியாகவே எடுத்திருந்தாள். பின்சுவர் பதினைந்துக்குப் பத்து, நூற்றைம்பது.

"ஜன்னலைக் கழிக்கல அண்ணி. நூத்தி முப்பது போதும்."

"தெரியும். வேணும்னுதான் விட்டேன். மிச்சம் இருக்கட்டும். உங்க குடும்பத்துல எந்தச் சுவர் எப்போ நகரும்னு யார் கண்டா?"

அண்ணி காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கத்திரி சிறிது நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். நடந்ததைக் கேட்டுக் கணவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.